இடது காலும் இருநூறு கிலோ பாரமும்



கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் விட்டுச் சென்ற பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. அதன் கிளச் தேய்ந்துவிட்டது. "என்ஜினை வெளியே எடுக்காமல் கிளச்சை மாற்ற முடியாது என்று பாஸ் சொல்கிறார். கணவரும் பெரிய மகனும் வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்கிறார்கள். போர்ட்டிகோவின் கூரை வளையில் செயின் புளொக்கைக் கொழுவப் போகிறார்களாம். எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. சரி என்பதா, வேண்டாம் என்பதா?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுவோம். வீட்டில் எடுக்கலாம். கூரை வளையில் கொழுவக் கூடாது. ஏன் என்பதை விளக்கத்தான் இம்மாதப் பக்கம். இந்தக் காரை வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆனால் பாரமான ஒரு பொருளை வீட்டு முற்றத்தில் தூக்க நினைக்கும் எல்லோருக்கும் இதில் பயன் உண்டு, இன்ஷா அல்லாஹ்.

பாஸ் சொன்னது சரிதானா?

முற்றிலும் சரி. எம்.ஜி.பி. கார் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. அதன் 1798 சி.சி. என்ஜின் நம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. ஒரு காலத்தில் நமது வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களிலும், இந்தியாவின் அம்பாசடர் காரிலும் இருந்த அதே குடும்பத்து என்ஜின்தான். கேம்பிரிட்ஜைக் கழற்றிப் பூட்டிய கைகள் எம்.ஜி.பி.யையும் கழற்றிப் பூட்டும்.

பல கார்களில் கியர்பொக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளச்சை மாற்றிவிடலாம். எம்.ஜி.பி.யில் அது முடியாது. கியர்பொக்ஸ் காரின் உடலோடு ஒன்றான ஒரு சுரங்கத்தினுள் இருக்கிறது. அதைத் தனியாகக் கீழ்வழியே எடுக்க இடமில்லை. ஆகவே என்ஜினை மேல்வழியே எடுத்தாக வேண்டும். என்ஜினை மட்டும் பிரித்து எடுப்பாரும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றாக எடுத்து, தரையில் வைத்துப் பிரித்து, தரையிலேயே பொருத்தி, மீண்டும் ஒன்றாக இறக்குவதே இலகு. அப்போது தொங்குகின்ற பாரம் ஏறத்தாழ 200 கிலோ.

ஒரு கைப்பிடியில் அடங்கும் உறுப்புகளுக்காக இருநூறு கிலோவைத் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது ஏன் தேய்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தேய்ந்தது எதனால்?

கிளச் பெடலை மிதிக்கும்போது ஒரு வளையம் முன்னே சென்று கிளச்சின் வில்லை அழுத்துகிறது. இக்காலக் கார்களில் அந்த வளையம் உருண்டைக் குண்டுகள் கொண்ட பெயாரிங். எம்.ஜி.பி.யிலோ அது கரித்துண்டு. காபன் வளையம் என்பார்கள். பெடலை மிதித்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது உரசிக்கொண்டே இருக்கும். உரசுவதெல்லாம் தேயும்.

சிலருக்குக் கார் ஓடும்போதும் இடது காலைக் கிளச் பெடலின் மேல் வைத்திருக்கும் பழக்கம் உண்டு. கடுகண்ணாவ ஏற்றத்தில் முன்னால் ஒரு லொறி நிற்கிறது. பிரேக் பிடிக்காமல், கிளச்சை அரைவாசி மிதித்தபடி காரை நிறுத்தி வைத்திருப்போம். சமிக்ஞை விளக்கு மாறும் வரை கியரில் போட்டுக் கிளச்சை அமுக்கியபடி காத்திருப்போம். அந்த நேரமெல்லாம் கரி வளையம் தேய்கிறது, அரைவாசி மிதித்திருக்கும்போது கிளச் பிளேற்றும் தேய்கிறது. சத்தம் வராது, மணம் வரும்போது காலம் கடந்திருக்கும்.

கணவரும் மகனும் புதிய கிளச்சைப் பூட்டும் முன்பு, அந்தக் காரை ஓட்டுகின்ற ஒவ்வொருவரும் தமது இடது காலைப் பற்றி ஒரு முறை யோசிக்கட்டும். பழக்கம் மாறாவிட்டால் சில வருடங்களில் மீண்டும் இதே இருநூறு கிலோ காத்திருக்கும்.

கூரை வளை ஏன் கூடாது?

கூரை வளை ஓட்டின் பாரத்தைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. ஓட்டின் பாரம் அதன் நீளம் முழுவதும் பரவி நிற்கிறது. என்ஜினின் பாரமோ ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கும். உள்ளே கறையான் அரித்திருக்கிறதா, சுவரில் எத்தனை அங்குலம் பதிந்திருக்கிறது என்பதெல்லாம் கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வளை முறிந்தால் என்ஜின் மட்டும் விழுவதில்லை. ஓடுகளும் சேர்ந்தே விழும். மாமரக் கிளைக்கும் இதே பதில்தான். பச்சை மரம் வளைந்து காட்டும், பிறகு திடீரெனப் பிளக்கும்.

இன்னொரு உண்மையையும் கவனிக்க வேண்டும். தொங்குவது 200 கிலோ என்றால் இழுவையும் 200 கிலோதான் என்று நினைக்கிறோம். என்ஜினின் ஒரு போல்ட் கழற்றப்படாமல் மறந்து போயிருந்தால், செயின் புளொக் காரையே தூக்கப் பார்க்கும். ஒரு டொன் புளொக்கின் சங்கிலியை ஒரு கையால் இழுக்கலாம். இழுப்பவருக்குப் பாரம் கூடியது தெரியாது. வளைக்குத் தெரியும்.

ஆகவே உறுதியான இரும்புக் குழாய்களாலான முக்காலி வேண்டும். அல்லது கராஜ்களில் இருக்கும் சில்லுப் பூட்டிய என்ஜின் கிரேன் வேண்டும். இரண்டையும் ஒரு நாள் வாடகைக்குக் கேட்டுப் பெறலாம். முக்காலியானால் அதன் மூன்று கால்களும் விரிந்து போகாதபடி கீழே சங்கிலியால் பிணைத்திருக்க வேண்டும். தரை சமமான சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் ஒரு கால் புதைந்தாலே போதும், முழுவதும் சரிந்துவிடும்.

காரின் அடியில் வேலை செய்வதற்காக அதை உயர்த்தும்போதும் இதே கவனம் தேவை. ஜக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். சீமெந்துக் கல்லையோ செங்கல்லையோ அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தவே கூடாது. சுவரில் பல வருடம் தாங்கும் கல், ஒரே புள்ளியில் பாரம் வந்தால் எந்த அறிவிப்புமின்றி நொறுங்கும்.

ஏடனில் பிறந்த புத்தகம்

1960களின் நடுப்பகுதியில், கொழும்பிலிருந்து மேற்கே சென்ற கப்பல்கள் தரித்துச் செல்லும் ஏடன் நகரில், ஜோன் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேய விமானப்படை அதிகாரி பணியாற்றினார். நண்பர் ஒருவரின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற் ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினைக் கழற்றிப் பூட்டும் வேலையில் அவர் உதவினார். கம்பனியின் கைநூல் சாதாரண மனிதனுக்குப் போதாது என்பதைக் கண்டார். ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து வைத்தார். அந்த அனுபவத்திலிருந்து 1966இல் வெளிவந்ததுதான் முதலாவது ஹேன்ஸ் திருத்தக் கைநூல். வீட்டில் காரைத் திருத்தும் கோடிக்கணக்கானோருக்கு அந்த வரிசை நூல்கள் பின்னர் துணையாயின.

அந்தக் கைநூலின் இரகசியம் எளியது. கழற்றும்போது பதிவு செய்தால் பூட்டும்போது பதற வேண்டியதில்லை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கமெரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு உறுப்பைத் தொடும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். ஒரு கொப்பியில் வரிசை இலக்கம். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே இலக்கம் எழுதிய ஒட்டுப்பட்டி. போல்டுகளை ஒரே பேணியில் கொட்டாமல், வெறும் பிஸ்கட் பேணிகளில் பிரித்து, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி வைத்தல்.

இந்தக் கொப்பியைச் சகோதரியே வைத்திருக்கட்டும். கார் பற்றி ஒன்றும் தெரியாதது இங்கே குறையல்ல, நன்மை. தெரிந்தவர் "இது எனக்கு ஞாபகமிருக்கும்" என்று எழுதாமல் விடுவார். தெரியாதவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார்.

கழற்றும் ஒழுங்கு

சுபஹுக்குப் பின் வெளிச்சம் நன்றாக வந்ததும் தொடங்கலாம். முதலாவது வேலை பற்றரி. 1974 வரை வந்த எம்.ஜி.பி.யில் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு ஆசனத்தின் பின்னால் இருக்கும். 1967 வரை வந்த முதல் மொடலில் பொசிற்றிவ் முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களுக்கு இது நேர்மாறு. எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து அதையே முதலில் கழற்ற வேண்டும்.

அடுத்து பொனட். பிணைச்சலைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டுவிட்டு இருவர் பிடித்துக் கழற்ற வேண்டும். கோடிட்டிருந்தால் திரும்பப் பூட்டும்போது இடைவெளி சரியாக வரும். பின்னர் ரேடியேற்றர் தண்ணீர், என்ஜின் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில் மூன்றையும் வடித்துவிட வேண்டும். கியர்பொக்ஸில் ஒயிலை விட்டால், என்ஜினைச் சரித்துத் தூக்கும்போது அது பின்வழியாகத் தரையெல்லாம் கொட்டும். அந்த வழுக்கல் தரையில் நின்றுதான் பாரத்தைத் தள்ள வேண்டிவரும்.

ரேடியேற்றரையும், ஒயில் கூலர் இருந்தால் அதன் குழாய்களையும் கழற்றி வழியைத் திறக்க வேண்டும். பழைய மொடல்களில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மானிக்கு என்ஜின் தலையிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் போகும். அது மூடிய குழாய். மடிந்து வெடித்தால் மானியே போய்விடும். அதை மெதுவாகக் கழற்றிச் சுருட்டி ஓர் ஓரமாகக் கட்டி வைக்க வேண்டும்.

பெற்றோல் குழாயைக் கழற்றியதும் அதன் வாயை அடைத்துவிட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு படர்ந்து அடுப்படி வரைக்கும் போகும். வேலை நடக்கும் வேளையில் அருகில் நெருப்பும் சிகரட்டும் கூடாது. கண்ணாடிக் குமிழ் விளக்கைக் காரின் கீழே வைப்பதும் கூடாது. விழுந்து உடையும் குமிழே தீக்குச்சி ஆகிவிடும்.

கிளச்சை இயக்கும் சிறிய சிலிண்டர் இரண்டு போல்டுகளால் கியர்பொக்ஸ் மூடியில் பூட்டப்பட்டிருக்கும். அதன் ஹோஸைக் கழற்றத் தேவையில்லை. சிலிண்டரை அப்படியே எடுத்து ஒரு கம்பியில் தொங்கவிட்டால் போதும். பின்னர் காற்றெடுக்கும் வேலை மிச்சம். ஆனால் யாரும் மறந்தும் கிளச் பெடலை மிதிக்கக் கூடாது. சிறுவர்கள் காரினுள் ஏறி விளையாடாதபடி கதவைப் பூட்டி வைப்பது நல்லது.

கியர் பொல்லை உள்ளிருந்து எடுக்க வேண்டும். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் ஷாப்டைக் கழற்றும் முன், இணையும் இரு தட்டுகளிலும் ஒரே நேரில் கோடிட வேண்டும். ஸ்பீடோமீற்றர் கேபிள், சைலன்சர் குழாய், கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், என்ஜின் மவுண்டிங் போல்டுகள் என வரிசையாக முடிக்கலாம். கடைசி மவுண்டிங் போல்டைக் கழற்றும் முன் செயின் புளொக் பாரத்தைச் சற்று ஏந்தியிருக்க வேண்டும்.

தூக்கும் வேளை

சங்கிலியை என்ஜினின் தலைப்பகுதியிலுள்ள உறுதியான இடங்களில் பிணைக்க வேண்டும். கார்புரேற்றரிலோ டைனமோவிலோ அல்ல. தென்னங்கயிறும் நைலோன் கயிறும் வேண்டாம். இரு முனைகளிலும் பிணைத்த சங்கிலி மேலே கொக்கியில் சேரும்போது கோணம் குறுகியதாக இருக்கட்டும். கோணம் விரிய விரியச் சங்கிலியின் இழுவை கூடும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு கிளையும் பாதிப் பாரத்தையல்ல, முழுப் பாரத்தையும் தாங்க நேரும்.

இனி மூன்று கட்டுப்பாடுகள். இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒன்று, கட்டளையிடுபவர் ஒருவர். இரண்டு பேர் இரண்டு விதமாகக் கத்தக் கூடாது. ஆனால் "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லலாம். மகன் சொன்னாலும் வாப்பா நிறுத்த வேண்டும். வாசற்படியில் நிற்கும் உம்மா சொன்னாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம்.

இரண்டு, தொங்கும் பாரத்தின் கீழே கையோ காலோ தலையோ போகக் கூடாது. ஒரு ஸ்பனர் கீழே விழுந்துவிட்டது என்பதற்காகக் குனியக் கூடாது. பாரம் சரிந்தால் பிடிக்கப் போகவும் கூடாது. விடுங்கள், விழட்டும். என்ஜினை மீண்டும் வாங்கலாம். விரலை வாங்க முடியாது.

மூன்று, ஒரு சாண் உயர்த்தினால் ஒரு முறை நிறுத்திச் சுற்றிப் பார்க்க வேண்டும். என்ஜினைக் கையால் மெல்லத் தள்ளினால் ஊஞ்சல் போல அசைய வேண்டும். அசையவில்லையென்றால் எங்கோ ஒன்று பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது உடலையும் என்ஜினையும் இணைக்கும் ஏர்த் பட்டியாக அல்லது ஸ்பீடோமீற்றர் கேபிளாக இருக்கும். கொப்பியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

என்ஜினின் முன்பக்கம் உயர்ந்து, கியர்பொக்ஸின் வால் தாழ்ந்து, நன்றாகச் சரிந்த நிலையில்தான் அது வெளியே வரும். வெளியே வந்தவுடன் தாழ்த்திவிட வேண்டும். உயரத்தில் தொங்கவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது ஆபத்து. அஸருக்குள் பாரம் தரையில் இருக்க வேண்டும். மஃரிபு நேரத்து மங்கலில் தூக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். நோன்பு காலத்துப் பிற்பகலிலும் வேண்டாம். களைத்த கண்ணுக்குக் கொக்கி சரியாக விழுந்ததா என்பது தெரியாது.

ஒட்டகத்தைக் கட்டிய பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் எல்லோரும் அறிவோம். சங்கிலியைச் சோதிக்காமல் பிஸ்மில்லாஹ் சொல்லி இழுப்பது தவக்குல் ஆகாது.

வெளியே வந்த பின்

என்ஜினையும் கியர்பொக்ஸையும் பிரித்ததும் கிளச் தெரியும். அதிலுள்ள தூசியை ஊதக் கூடாது. காற்றுக் குழாயும் வேண்டாம். பழைய கிளச் பிளேற்றுகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொதியிட்டுக் கட்டி எறிய வேண்டும்.

கிளச் பிளேற், அதன் மூடி, கரி வளையம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். ஒன்றில் மிச்சம் பிடித்தால் மீண்டும் முழு வேலையும் செய்ய நேரும். பின்பக்க ஒயில் சீல், பிளைவீலின் நடுவிலுள்ள சிறிய வெண்கலப் புஷ், என்ஜின் மவுண்டிங் ரப்பர்கள் ஆகியனவும் இப்போதுதான் கைக்கு எட்டும். அவற்றையும் பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். "எடுத்ததுதானே, முழு என்ஜினையும் பிரிப்போம்" என்று தொடங்கிய பல கார்கள் வருடக்கணக்கில் பாய் போர்த்தி நிற்கின்றன.

பூட்டும்போது கிளச் பிளேற் சரியாக நடுவில் அமைய வேண்டும். இல்லையென்றால் கியர்பொக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அளவான ஒரு மரத்தண்டைக் கடைந்து நடுவில் நுழைத்துப் பிளேற்றை நேர்ப்படுத்தலாம். தண்டு நுழையாதபோது போல்டுகளை இறுக்கி இழுத்து நுழைக்கப் பார்க்கக் கூடாது. புதிய பிளேற் வளைந்து போகும்.

ஏர்த் பட்டியை மறக்க வேண்டாம். அது இல்லாமல் ஸ்ராட் செய்தால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கம்பி வழியாகப் பாயும், கம்பி சூடேறிப் புகையும். பல வீடுகளில் "என்ஜின் எரிகிறது" என்று பயந்தோடியது இதனால்தான். முதல் முறை ஸ்ராட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் மானியில் அழுத்தம் ஏறும் வரை என்ஜினைச் சுழற்ற வேண்டும். பிறகு பிளக்குகளைப் பூட்டலாம்.

அயலவரின் கிணறு

வடித்த என்ஜின் ஒயில் மட்டும் நான்கு லீற்றருக்கு மேல் வரும். அதை வேலியோரத்தில் ஊற்றுவதும், கறையானுக்கென்று நிலத்தில் கொட்டுவதும் நம்மிடையே வழக்கம். நிலத்தில் ஊற்றியது நிலத்தோடு நிற்பதில்லை, கிணற்றை நோக்கிப் போகும். நம்முடைய கிணற்றுக்கே போகும் என்றும் இல்லை, அயலவரின் கிணற்றுக்கும் போகலாம். அது பக்கத்து வீட்டாரின் ஹக். கானில் அடைத்து ஒரு சேர்விஸ் ஸ்ரேஷனில் ஒப்படைப்பது பத்து நிமிட வேலை. ரேடியேற்றரில் கூலன்ட் விட்டிருந்தால் அதையும் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டாம். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. பூனையும் குடிக்கும், தவழும் பிள்ளையும் வாயில் வைக்கும்.

எப்போது பாஸைக் கூப்பிடுவது?

சமமான சீமெந்துத் தரை இல்லையென்றால், வளர்ந்த இருவராவது முழு நேரமும் இல்லையென்றால், முக்காலியோ கிரேனோ கிடைக்கவில்லையென்றால், இந்த வேலை வீட்டுக்குரியதல்ல. நடுவழியொன்றும் உண்டு. கழற்றும் வேலையை வாப்பாவும் மகனும் செய்யட்டும். தூக்கும் அன்று மட்டும் பாஸ் தமது சாமான்களோடு வரட்டும். அதில் வெட்கமில்லை. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாஸுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் செலவல்ல, ஒரு குடும்பத்தின் சோறு.

1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் வருவது அரிதாக இருந்தபோது, நமது பாஸ்மார்தான் பழைய கார்களை உயிரோடு வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட வருடங்களிலும் அதே கைகள்தான் உதவின. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் ஒரு மகன் ஒரு நாள் நின்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒரு பாடம் கிடைக்கும்.

ஆகவே சகோதரி "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை. "முக்காலி வந்த பிறகு தொடங்குங்கள்" என்று சொன்னால் போதும். கொப்பியும் பென்சிலும் தயாராக இருக்கட்டும்.

அடுத்த மாதம், மழைக்கு முன் வீட்டுப் பீலிகளையும் கிணற்றுக் கப்பியையும் பரிசோதிப்பது பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.